பொமரேனியன் குட்டி எவ்வளவு வளரும்? வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொமரேனியன் வளர்க்கிறேன் என்று தெரிந்ததும் பலரும் கேட்பது ஒன்றுதான்: "இது இன்னும் பெரிசாகுமா?" பெரிசாகிவிடக் கூடாதே என்ற கவலை கேட்பவர் குரலிலேயே தெரியும். என் கவலை அதற்கு நேர்மாறு. இந்த நாயின் உடம்பில் கையிருப்பு மிகக் கொஞ்சம். ஒரு வேளை பட்டினி, ஒரு துண்டு சாக்லேட், சோபாவிலிருந்து ஒரு குதி என்று பெரிய நாய்கள் சட்டை செய்யாத எதுவும் இதைப் படுக்கவைத்துவிடும். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வரும்.

முழுதாக வளர்ந்த பொமரேனியன் என்ன எடை, என்ன உயரம் இருக்கும்?

நாய் இனங்களைப் பதிவுசெய்து அளவு வகுக்கும் அமெரிக்க கென்னல் கிளப்பின் வரையறை 3 முதல் 7 பவுண்டு, அதாவது சுமார் 1.4 முதல் 3.2 கிலோ. பிரிட்டிஷ் கென்னல் கிளப் ஆணுக்கு 1.8 முதல் 2 கிலோ, பெண்ணுக்கு 2 முதல் 2.5 கிலோ என்கிறது. ஆண்தான் பெரிசாக இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்கலாம். உலக நாய் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ. இதை ஜெர்மன் ஸ்பிட்ஸ் குடும்பத்தின் ஆகச் சிறிய வகையாகக் கணக்கில் வைத்து, எடைக்குப் பதில் உயரத்தைச் சொல்கிறது: தோள் உச்சியிலிருந்து தரை வரை 18 முதல் 24 செ.மீ. அளக்கும்போது முடியை அழுத்திப் பிடித்து எலும்பு வரை அளக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதி உயரம் முடியாகவே இருக்கும்.

இவை கண்காட்சி மேடைக்கான அளவுகள். 4 கிலோ இருக்கும் வீட்டு நாய் இந்த வரம்புக்கு வெளியே இருக்கிறதே தவிர, அதனாலேயே அதற்குக் குறை ஒன்றும் வந்துவிடாது. எலும்புக்கூடே பெரிதாக அமைந்த நாயாக அது இருக்கலாம். கொழுப்பா எலும்பா என்று தெரிய, விலாவைத் தடவிப் பாருங்கள். லேசாகத் தொட்டதும் விலா எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்க்க இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும். முடி கண்ணை ஏமாற்றும் இனம் இது, கையைத்தான் நம்ப வேண்டும்.

முன்பெல்லாம் பெரிய நாயாக இருந்ததாமே?

உண்மைதான். பெயருக்குக் காரணமான பொமரேனியா பால்டிக் கடலோரப் பகுதி. இன்று அதன் ஒரு பங்கு ஜெர்மனியிலும் பெரும்பங்கு போலந்திலும் இருக்கிறது. அங்கிருந்து வந்த ஸ்பிட்ஸ் நாய்கள் இன்றைய பொமரேனியனைப் போலப் பல மடங்கு எடை கொண்டவை. 1888இல் விக்டோரியா அரசி இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரிலிருந்து மார்க்கோ என்ற சிறிய நாயைக் கொண்டுவந்தார். அதன் எடை சுமார் 5.5 கிலோ, அந்தக் காலத்துக்கு அது குட்டை. அரசி வைத்திருப்பது போலவே எல்லாருக்கும் வேண்டும் என்றாயிற்று. வளர்ப்பவர்கள் மேலும் மேலும் சிறியவற்றையே இணை சேர்த்தார்கள்.

மரபணு அளவில் நடந்ததும் இப்போது தெரியும். நாய்களின் உருவத்தைத் தீர்மானிப்பதில் ஐ.ஜி.எஃப்.1 என்ற மரபணுவுக்குப் பெரும்பங்கு உண்டு என்று 2007இல் கண்டுபிடித்தார்கள். 2022இல் வெளியான ஆய்வு இன்னும் சுவாரசியம்: சிறிய உருவத்துக்கான அந்த மரபணு மாற்றம் 54,000 ஆண்டு பழமையான சைபீரிய ஓநாயின் எச்சத்திலேயே இருந்திருக்கிறது. ஆக, குட்டை நாயை மனிதன் படைக்கவில்லை. ஓநாய்க்குள் ஒளிந்திருந்ததைத் தேடிப் பொறுக்கி எடுத்தான், அவ்வளவுதான். பெரிசாக இருந்த மூதாதையரின் கூறுகளும் முற்றிலும் போய்விடவில்லை. ஒரே ஈற்றில் மூன்று குட்டிகள் சிறிதாகவே நிற்க, ஒன்று மட்டும் 5 கிலோ தாண்டுவது அதனால்தான். "கலப்பினத்தைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள்" என்று உடனே சண்டைக்குப் போகாதீர்கள்.

எந்த மாதத்தில் எவ்வளவு எடை இருக்க வேண்டும்?

பிறக்கும்போது குட்டி உள்ளங்கையில் அடங்கும், 100 கிராமுக்குச் சற்று மேலே. ஏழு முதல் பத்து நாளில் அந்த எடை இரட்டிப்பாக வேண்டும். அதன் பிறகு ஒரு தோராயக் கணக்கு உண்டு. எட்டு வாரத்தில் முழு எடையில் மூன்றில் ஒரு பங்கு, மூன்று மாதம் நெருங்கும்போது பாதி. 2.5 கிலோவில் நிற்கப்போகும் குட்டி எட்டு வாரத்தில் 800 கிராம் போலவும், மூன்று மாதத்தில் 1.2 கிலோ போலவும் இருக்கும். ஆறாம் மாதத்துக்குப் பிறகு வேகம் குறைந்து, எட்டு முதல் பத்து மாதத்தில் எலும்பு வளர்ச்சி முடிந்துவிடும். பெரிய இன நாய்கள் ஒன்றரை இரண்டு வயது வரை வளர்வதை நினைத்தால் இது மின்னல் வேகம்.

இந்தக் கணக்கை ஜாதகம் போல நம்ப வேண்டாம். நான் பார்ப்பது எண்ணை விட அதன் போக்கைத்தான். சமையலறைத் தராசில் ஒரு பெட்டியை வைத்து, வாரம் ஒருமுறை, சாப்பாட்டுக்கு முன், எடையைக் குறித்துவையுங்கள். குழந்தைகளுக்கு இருப்பது போலவே நாய்க்குட்டிகளுக்கும் வளர்ச்சி வரைபடங்கள் இருக்கின்றன. வால்தம் என்ற செல்லப்பிராணி ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டவை 12 வாரத்திலிருந்து தொடங்குகின்றன, 6.5 கிலோவுக்குக் குறைவான இனங்களுக்குத் தனிக் கோடுகளும் உண்டு. குட்டி ஒரு கோட்டை ஒட்டியே போனால் நிம்மதி. கோடு தாண்டி மேலே ஏறினால் சாப்பாடு கூடுதல். கீழே இறங்கினால், அதுவும் இரண்டு வாரம் தொடர்ந்து எடை ஏறாமல் நின்றால், குடற்புழுவோ வேறு கோளாறோ இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டியதுதான்.

சாப்பாட்டைக் குறைத்தால் சிறிசாகவே இருக்குமா?

இருக்காது. கடைசி உயரம் பெற்றோரிடமிருந்து வருவது. பட்டினி போட்டால் எலும்பும் மூளையும் பலவீனமான நாய்தான் கிடைக்கும். இதைக் கேட்பவர்கள் நல்ல மனிதர்கள்தான், யாரோ சொன்னதைக் கேட்டுக் கேட்கிறார்கள். சொன்னவர்களிடம்தான் எனக்குக் கோபம்.

டீகப் பொமரேனியன் என்பது தனி இனமா?

இல்லை. எந்தப் பெரிய கென்னல் கிளப்பும் அப்படி ஒரு வகையை ஏற்கவில்லை. அது விற்பவர்கள் வைத்த பெயர். பல சமயம் ஈற்றில் நோஞ்சானாகப் பிறந்தவையே அந்தப் பெயரில் போகின்றன. இல்லாவிட்டால் வயது கூட்டிச் சொல்லப்பட்ட குட்டி: ஆறு வாரத்துக் குட்டியைப் பத்து வாரம் என்று சொன்னால் யாருக்கும் "ஆஹா, எவ்வளவு சிறிசு" என்றுதான் தோன்றும். பல்லைப் பார்த்தும் எடையைப் பார்த்தும் வயதை ஓரளவு கணிக்க மருத்துவரால் முடியும்.

மிகச் சிறிய குட்டிகளின் தலை உச்சியில் மெத்தென்று ஒரு குழி தட்டுப்படலாம். மண்டை ஓட்டின் எலும்புகள் இன்னும் கூடாத இடம் அது. பலவற்றுக்குச் சில மாதங்களில் மூடிவிடும், சிலவற்றுக்கு மூடாமலே தொல்லையின்றி வாழ்ந்துவிடும். ஆனால் குழி பெரிதாக இருந்து, குட்டி வட்டமடித்துச் சுற்றினால், மந்தமாக இருந்தால், வலிப்பு வந்தால், மூளையில் நீர் கோத்திருக்க வாய்ப்பு உண்டு.

குட்டி திடீரென்று தள்ளாடுகிறது, சோர்ந்து விழுகிறது. என்ன செய்வது?

நாலு மாதத்துக்கு உட்பட்ட குட்டி என்றால் முதலில் நினைக்க வேண்டியது ரத்தச் சர்க்கரை இறக்கம். கல்லீரலில் சேமித்துவைக்கும் சர்க்கரை பெரியவர்களுக்கு ஒரு இரவு தாங்கும். ஒரு கிலோ கூட இல்லாத குட்டிக்குச் சில மணி நேரமே தாங்கும். புது வீட்டுக்கு வந்த பயத்தில் சாப்பிடாமல் இருப்பது, குளிர், வயிற்றுப்போக்கு, விருந்தாளிகள் விடாமல் கொஞ்சி விளையாடுவது, இவற்றில் ஒன்று போதும். நடுக்கம், தள்ளாட்டம், வெறித்த பார்வை, வெளிறிய ஈறு, பிறகு வலிப்பு என்று வரிசையாகப் போகும்.

தேனையோ சர்க்கரைப் பாகையோ விரலில் தொட்டு ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தேய்த்துவிடுங்கள். வாயில் ஊற்றாதீர்கள், மயக்கத்தில் இருக்கும் குட்டிக்கு அது மூச்சுக்குழாயில் போகும். துணியில் சுற்றிக் கதகதப்பாக வைத்துக்கொண்டு மருத்துவரிடம் கிளம்புங்கள். ஐந்து நிமிடத்தில் எழுந்து வாலாட்டினாலும் போக வேண்டும். தேன் கொடுத்தது அரை மணி நேர அவகாசம் மாதிரி, காரணம் உள்ளே அப்படியேதான் இருக்கும். நான் வளர்த்த முதல் குட்டி வந்த இரண்டாம் நாள் இப்படி விழுந்தது. "சின்ன வயிறு, காலையில் சாப்பிடட்டும்" என்று இரவு உணவைத் தள்ளிப்போட்டது நான்தான். வராமல் தடுக்க வழி எளிது: நாலு மாதம் வரை ஒரு நாளைக்கு நாலு வேளை, அதில் ஒன்று தூங்கப்போகும் முன்.

ஒரு நாளைக்கு எவ்வளவு உணவு?

மருத்துவர்கள் பயன்படுத்தும் கணக்கின்படி, கருத்தடை செய்த 2.5 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 220 கிலோகலோரி போதும். உலர் உணவாக என்றால் சுமார் 60 கிராம், ஒரு கைப்பிடி. வேடிக்கை என்னவென்றால், வேகமாக வளரும் ஒரு கிலோ குட்டிக்கும் கிட்டத்தட்ட அதே 210 தேவை. "இத்துனூண்டு குட்டி இவ்வளவு சாப்பிடுகிறதே" என்று பயப்படாதீர்கள். பயப்பட வேண்டியது, வளர்ந்த பிறகும் அதே மாதிரி ஊட்டும்போதுதான்.

தின்பண்டமும் பரிசாகக் கொடுக்கும் துண்டுகளும் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதாவது 20 கிலோகலோரி. ஒரு முழு முட்டை சுமார் 70 கிலோகலோரி, இந்த நாய்க்கு அது ஒரு நாள் சாப்பாட்டில் மூன்றில் ஒரு பங்கு! கால் கிலோ எடை கூடினால் "ஒன்றுமே இல்லை" என்று தோன்றும். 60 கிலோ மனிதர் 6 கிலோ கூடியதற்குச் சமம் அது.

குட்டிகளுக்கென்று தயாரான முழு உணவு கொடுப்பவர்கள் கால்சியம் மருந்து தனியாகச் சேர்க்க வேண்டாம். வெறும் இறைச்சியை மட்டும் கொடுப்பவர்களுக்கு நிலைமை வேறு. இறைச்சியில் கால்சியம் மிகக் குறைவு, எலும்பு காகிதம் போலாகிவிடும். வீட்டில் சமைத்துப் போடுவதென்றால் மருத்துவரிடம் கணக்குப் போட்டு வாங்கிக்கொண்டு செய்யுங்கள்.

எவை கூடவே கூடாது?

திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், பூண்டு, சாக்லேட், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி, மனிதர்களுக்கான வலி மாத்திரைகள். மற்ற நாய்களுக்கும் இதே பட்டியல்தான், அளவுதான் வேறு. 10 கிராம் கறுப்புச் சாக்லேட் 2.5 கிலோ நாய்க்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கப் போதும். சர்க்கரையில்லாத சூயிங்கம் ஒன்றே ஒன்று, அதில் சைலிட்டால் இருந்தால், ரத்தச் சர்க்கரையை அபாய அளவுக்கு இறக்கிவிடும். தின்றுவிட்டது என்று தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காதீர்கள்.

நாலு மாதக் குட்டிக்கு முடி கொட்டி எலி மாதிரி ஆகிவிட்டது. நோயா?

பெரும்பாலும் இல்லை. குட்டி முடி போய் பெரிய முடி வரும் இடைவெளி அது. நாலாம் மாதம் தொடங்கிச் சில மாதம் நீடிக்கும். முகத்தில் முடி குறைந்து, கால் நீண்டு, காது பெரிசாகி, வாங்கிய நாய்தானா இது என்று சந்தேகம் வரும். முழு முடி வர ஒன்றரை இரண்டு வயது ஆகலாம். சொறிதல், சிவப்பு, வட்ட வட்டமான வழுக்கை, செதில் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெயில் காலத்தில் மொட்டையடித்துவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். இதற்கு இரண்டு அடுக்கு முடி. உள்ளே பஞ்சு போன்றது, வெளியே நீண்டு விறைப்பானது. நாய் உடம்பால் வியர்த்துக் குளிர்வதில்லை, மூச்சிரைத்துத்தான் வெப்பத்தை வெளியேற்றுகிறது. முடியை எடுத்தால் வெயில் நேரே தோலில் விழும், அவ்வளவுதான் லாபம். அதைவிட மோசம், மெஷின் போட்ட இடத்தில் மாதக்கணக்கில் முடி முளைக்காமலோ திட்டுத்திட்டாகவோ நின்றுவிடலாம். பொமரேனியன்களுக்கு அலோபீசியா எக்ஸ் என்ற கோளாறும் வரும்: தலையும் முன்காலும் முடியோடு இருக்க, உடலிலும் தொடையின் பின்புறத்திலும் இரு பக்கமும் ஒரே மாதிரி முடி உதிர்ந்து தோல் கறுக்கும். நாய்க்கு வேறு தொல்லை இருக்காது. ஆனால் தைராய்டு, அட்ரினல் கோளாறுகளும் இதே தோற்றம் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்து அவற்றை விலக்கிக்கொள்ள வேண்டும்.

வெயிலுக்குச் சரியான வழி உள்முடியை வாரியெடுப்பது. வாரம் இரண்டு மூன்று முறை, முடியை வகிடெடுத்து, தோல் தெரியும் வரை சீப்பு போக வேண்டும். மேலாக பிரஷ் போட்டால் பார்க்க அழகாக இருக்கும், காதுக்குப் பின்னாலும் கால் இடுக்கிலும் சிக்கு கட்டிக்கொண்டே போகும். மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை குளிப்பாட்டி, வேர் வரை உலர்த்துங்கள். நடையை விடியற்காலைக்கு மாற்றுங்கள். பாதத்தைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் சுத்தத்துக்காகக் கொஞ்சம் வெட்டிவிடுவதில் தப்பில்லை.

பல் விஷயத்தில் ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறார்கள்?

பயமுறுத்த வேண்டிய விஷயம்தான். பால்பல் 28, நிரந்தரப் பல் 42. நாற்பத்திரண்டும் ஓநாய்க்கு இருக்கும் அதே எண்ணிக்கை, தாடையோ தீப்பெட்டி அளவு. நெருக்கத்தில் உணவு தங்கி, காரை படிந்து, ஈறு விலகும். மூன்று நாலு மாதத்தில் பல் மாறத் தொடங்கி, ஏழு மாதத்துக்குள் முடிய வேண்டும். சின்ன இனங்களில் பால்பல் விழாமல் நிற்க, பக்கத்திலேயே புதுப் பல் முளைத்துவிடும், முக்கியமாகக் கோரைப்பல். ஒரே இடத்தில் இரண்டு பல் தெரிந்தால் தானாக விழும் என்று காத்திருக்காமல் காட்டுங்கள். கருத்தடைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போதே அதையும் எடுத்துவிடலாம்.

தினமும் நாய்க்கான பற்பசையால் துலக்குங்கள். நம் பற்பசை கூடாது. குட்டியாக இருக்கும்போதே விரலில் துணி சுற்றி ஈறைத் தடவிப் பழக்கினால் பின்னால் மல்யுத்தம் மிச்சம். கடிக்கக் கொடுக்கும் பொருளில் நகத்தை அழுத்தினால் பதிய வேண்டும். அதைவிடக் கடினமானது பல்லை உடைக்கும்.

ஓடும்போது ஒரு பின்காலைத் தூக்கிக் குதித்துவிட்டு மறுபடி சாதாரணமாக ஓடுகிறது. விளையாட்டா?

முழங்கால் சில்லு தன் பள்ளத்திலிருந்து உட்புறமாக நழுவித் திரும்புகிறது. இந்த இனத்தில் மிகச் சாதாரணம். நாலு நிலைகளாகப் பிரிப்பார்கள். முதல் நிலைக்கு எடையைக் கட்டுக்குள் வைப்பதும் வழுக்காத தரையும் பெரும்பாலும் போதும். மூன்று, நாலுக்கு அறுவை சிகிச்சை பேசுவார்கள்.

நான் அதைவிட அஞ்சுவது முன்கால் முறிவை. விரல் பருமன் கூட இல்லாத எலும்பு. மணிக்கட்டுக்கு அருகே ரத்த ஓட்டமும் சிறிய நாய்களுக்குக் குறைவு, முறிந்தால் கூடுவது கடினம். கட்டிலில் இருந்து குதித்தோ, குழந்தையின் கையிலிருந்து நழுவியோதான் பெரும்பாலும் உடைகிறது. படுக்கைக்குச் சாய்பலகை வையுங்கள். குழந்தைகள் தரையில் உட்கார்ந்துகொண்டு மடியில் வைத்துக் கொஞ்சட்டும், நின்றுகொண்டு தூக்க வேண்டாம்.

இருமல் வாத்து கத்துவது போல இருக்கிறதே?

மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு வளையங்கள் தளர்ந்து குழாய் தட்டையாவதன் சத்தம் அது. இழுக்கும்போதும் உற்சாகத்திலும் கூடும். கழுத்துப் பட்டையை விட்டுவிட்டு மார்புக்கு ஹார்னஸ் போடுங்கள், எடையைக் குறையுங்கள், வீட்டுக்குள் புகை வேண்டாம். மருந்தாலேயே பல நாய்கள் சமாளித்துவிடும். நாக்கு நீலமாக மாறினால் அது அவசரம்.

சிறிய நாய் என்பதால் தடுப்பூசியைப் பாதி அளவு போடலாமா?

கூடாது. தடுப்பூசி எடைக்கு ஏற்ப அளக்கும் மருந்தல்ல, பாதி போட்டால் பாதுகாப்பு வராமலே போகலாம். குடற்புழு மருந்துதான் எடைக்கு ஏற்ப அளக்க வேண்டியது. தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நாலு வார இடைவெளியில், 16 வாரம் வரை தொடர்ந்து போடுவார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி எப்போது தீரும் என்று குட்டிக்குக் குட்டி மாறுவதால்தான் இந்தத் தொடர். ரேபிஸ் ஊசி பொதுவாக மூன்றாம் மாதத்தில். ஊசிக்குப் பிறகான ஒவ்வாமை சிறிய நாய்களில் சற்று அதிகம் என்பதும், ஒரே நாளில் பல ஊசி போட்டால் இன்னும் கூடும் என்பதும் உண்மை. ஊசிகளைப் பிரித்துப் போடச் சொல்லிக் கேட்கலாம். போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

குரைத்துக்கொண்டே இருக்கிறது.

ஸ்பிட்ஸ் நாய் காவலுக்குப் பிறந்தது, தான் 3 கிலோ என்பது அதற்குத் தெரியாது. மூன்று மாதத்துக்குள் புது மனிதர்கள், சத்தங்கள், தரைகள் எல்லாம் பழகிய குட்டி குறைவாகக் குரைக்கும். தினம் இரண்டு சிறிய நடை, கொஞ்சம் மோப்ப விளையாட்டு போதும்.

ஒருமுறையாவது குட்டி போட வைக்க வேண்டுமா?

உடல்நலத்துக்கு அவசியம் எதுவும் இல்லை. ஆபத்து மட்டும் நிறைய. சினைக்காலம் சுமார் 63 நாள், பொதுவாக ஒன்று முதல் மூன்று குட்டிகள். ஒற்றைக் குட்டியாக இருந்தால் அது பெரிதாக வளர்ந்து, பிறப்புப் பாதையில் சிக்கி, அறுவை சிகிச்சை வரை போகலாம். பால் கொடுக்கும் வாரங்களில் தாயின் கால்சியம் சட்டென்று இறங்கி வலிப்பு வருவதும் சின்ன இனங்களில் பார்க்கக்கூடியதுதான். கருத்தடையை முதல் பருவத்துக்கு முன் செய்தால் மடிக்கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். பெரிய இனங்களுக்குச் சொல்வது போல மூட்டுக்காக நெடுநாள் தள்ளிப்போட வேண்டிய தேவை பொதுவாக இந்த நாய்களுக்கு இல்லை.

எத்தனை வயது வரை வாழும்?

12 முதல் 16 வயது. எட்டு வயதுக்கு மேல் ஆண்டுக்கு இருமுறை பரிசோதனை நல்லது. முதுமையில் இதயத்தின் இடப்புற வால்வு தடித்துக் கசியத் தொடங்குவது சிறிய நாய்களின் பொதுச் சிக்கல். வீட்டிலேயே கவனிக்க ஒரு வழி இருக்கிறது. நாய் நன்றாகத் தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். ஏறி இறங்குவது ஒன்று. முப்பதுக்குக் கீழே இருந்தால் குறித்துவைத்துக்கொண்டு தூங்கப் போகலாம். கனவில் காலாட்டிக்கொண்டிருந்தால் அந்த எண்ணிக்கை செல்லாது, மறுபடி எண்ண வேண்டும். அமைதியாகத் தூங்கும்போதே மீண்டும் மீண்டும் முப்பதைத் தாண்டினால், அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.